மூடாத ஒரு கண்

தாராவியில் சட்டை தைக்கும் ஒரு பட்டறையில் எனக்குக் காலர் வேலை. கை தைக்க ஒருவர், பொத்தான் ஓட்டை போட ஒருவர் என்று அங்கே ஆளுக்கொரு வேலை உண்டு. எனக்குக் காலர் மட்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு இந்த ஊருக்கு வந்தவன், வந்ததிலிருந்து மிஷினுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலர் தைத்து முடித்ததும் அதை நடுவில் மடித்து, முனையோடு முனை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனை நூலிழை நீண்டிருந்தாலும் பிரித்துவிட வேண்டும். சட்டையில் வேறு இடத்தில் தையல் வளைந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். காலர் முகத்துக்கு நேர் கீழே இருப்பது. முகத்தைப் பார்க்கிறவர் கண்ணில் அது படாமல் போகாது.

இதையே செய்து செய்து என் கண்ணுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும். லோக்கல் ட்ரெயினில் எதிரே இருப்பவரின் ஒரு புருவம் மற்றதைவிட ஏறியிருப்பது தெரியும். ஒருவர் சிரித்தால் வாய் எந்தப் பக்கம் அதிகம் போகிறது என்று தெரியும். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவன் இல்லை. மற்றவர்கள் பேசுகிற நேரமெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவரையில் எல்லார் முகமும் கோணல்தான். கொஞ்சமாக இருக்கும்வரை அதைக் கோணல் என்று நாம் நினைப்பதில்லை, அவருடைய சாயல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் மனைவியின் முகம் அப்படி இல்லை. அதை நடுவில் மடித்தால் முனையோடு முனை சேரும். வலது உதட்டோரம் எள் அளவு ஒரு மச்சம் மட்டும்தான் அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம். எனக்குப் பெண் கொடுத்தபோது என்னை வேலைக்காகப் பார்த்தார்களே தவிர முகத்துக்காகப் பார்க்கவில்லை. எனக்குப் பல் முன்னால் வந்திருக்கும், கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. கல்யாணத்துக்கு மறுநாள் அவள் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது அவளுடைய உறவுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, அந்தச் சாம்பார் வாளிய இங்க கொண்டா" என்றார். நானும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பின்னால் இருந்த ஒரு பெண், "அடப் பாவி, அது மாப்ளைல்லா!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்தபோது இரண்டு கன்னமும் ஒரே அளவில் மேலே போயின. எனக்கு அவமானமாகவே இல்லை.

பட்டறையிலும் சொல்வார்கள். "இவனுக்கா வே இவ?" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு காலரைத் திருப்புவேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வரும். பஞ்சு வைத்துக்கொள்வாள், சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருடம் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காதுக்குப் பின்னால் எலும்பு அரித்துப்போயிருக்கிறது, விட்டால் மூளைக்குப் போகும், உயிருக்கு ஆபத்து என்றார்கள். முகத்துக்குப் போகும் நரம்பு அந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது என்றும் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். உயிர் பிழைத்தாள்.

மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வலது பக்கம் மட்டும் சிரித்தது. இடது பக்கம் அப்படியே கிடந்தது, யாரோ வேறொருத்தியின் கன்னம் மாதிரி. அவளுக்கு அது தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சிரிப்பு பாதியில் நின்றது. கையைத் தூக்கி இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

சில மாதத்தில் திரும்பி வரலாம் என்றார்கள், வராமலும் போகலாம் என்றார்கள். மாட்டுங்காவில் ஒரு இடத்தில் முகத்துக்குப் பயிற்சி கொடுப்பார்கள் என்று எழுதித் தந்தார்கள். வேலையில்லாத நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு கண்ணாடி. பயிற்சி கொடுக்கும் பெண் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, "கன்னத்த உப்புங்க, விசிலடிங்க, இப்ப சிரிங்க" என்பாள். கன்னத்தை உப்பினால் இடது உதட்டோரத்தில் காற்று போய்விடும். விசில் வராது. சிரிக்கச் சொன்னால் வாய் முழுவதும் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அது சிரிப்பா, வலியா என்று தெரியாது.

அதற்கு முன்னால் அவள் கண்ணாடி பார்க்கிறவள் இல்லை. எங்கள் ரூமில் கண்ணாடி என்பது நான் சவரம் செய்யக் கதவுக்குப் பின்னால் தொங்கும் ஒரு சின்னக் கண்ணாடி. தலை சீவும்போது அதன் பக்கம்கூடத் திரும்பமாட்டாள். இப்போது காலையிலும் மாலையிலும் அதன் முன்னால் நின்று உப்பினாள், விசிலடித்தாள், சிரித்தாள். எனக்கும் மகளுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சிரித்தாள். சத்தமே வராத சிரிப்பு. மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள்.

எவ்வளவோ நாள் செய்தாள். நரம்பு வரவில்லை. ஒருநாள் கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்து, "இத வெளியில மாட்டிக்கோங்க" என்றாள். அதன்பிறகு நான் நடையில் நின்று சவரம் செய்கிறேன்.

சும்மா இருந்தால் அவள் முகம் அவ்வளவு மோசமில்லை. உதட்டின் ஒரு ஓரம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். சிரித்தாலோ அழுதாலோதான் முகம் இரண்டாகப் பிரியும். அதனால் இரண்டையும் விட்டுவிட்டாள். டீ குடித்தால் இடது பக்கம் ஒழுகும். சோறு அந்தக் கன்னத்துக்குள் தங்கிவிடும், விரலை விட்டு எடுக்க வேண்டும். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். உதட்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய எழுத்துகள் வாயில் நிற்காது, பேச்சும் குறைந்தது.

இடது கண் மூடாது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒரு கீற்று திறந்தேயிருக்கும், உள்ளே வெள்ளை தெரியும். மூடாமல் தூங்கினால் கண் காய்ந்து புண்ணாகிவிடும் என்று, படுக்கும்போது மருந்து விட்டு இமையை இழுத்து டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அதை நான்தான் செய்வேன். பட்டறைக் கத்தரியால் டேப்பை வெட்டி, ஓரத்தை வளைத்து, இமைமேல் ஒட்டுவேன். ஒட்டியதும் இரண்டு கண்ணும் சமமாக மூடியிருக்கிறதா என்று என்னையறியாமல் பார்ப்பேன்.

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்: "காலரப் பாக்க மாதிரி என்னையப் பாக்காதீய."

பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், அதை அவளிடம் சொன்னதில்லை. வருடங்கள் போகப்போக அவளுடைய வலது பக்கத்துக்கு வயதானது. நெற்றியில் கோடு விழுந்தது, கண்ணோரம் சுருங்கியது. இடது பக்கம் அசையாததால் அங்கே கோடு விழவில்லை. செத்துப்போன பாதி ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் இருந்த வயதிலேயே இருந்தது. உயிரோடிருந்த பாதிதான் கிழடானது.

எங்கள் சந்தைக் கல்லி என்பார்கள். கல்லிப் பெண்களுக்கு அவள்மேல் முன்பைவிடப் பிரியம் அதிகமானது. முன்பு குழாயடியில் அவளிடம் முகம் கொடுக்காதவர்கள்கூட, "எக்கா, நீங்க முதல்ல பிடிச்சுக்கோங்க" என்றார்கள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். குடத்தைப் பார்த்துச் சொல்வார்கள்.

மகள் படிப்பை முடித்து செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவின் பழைய முகம் அவளுக்கு. கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவை நன்றாகப் பார்ப்பார்கள். இன்னும் இருபது இருபத்தைந்து வருடம் போனால் பெண் எப்படி இருப்பாள் என்று அம்மாவைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். முதலில் வந்த இரண்டு இடமும் அதிலேயே போய்விட்டன. ஒரு வீட்டில், "அது வாதமா? பரம்பரையா வருமா?" என்று கேட்டு அனுப்பினார்கள். காதில் ஆபரேஷன் செய்ததால் வந்தது என்று சொன்னேன். "ஓகோ" என்றார்கள். அத்தோடு சரி.

மூன்றாவதாக அம்பர்நாத்திலிருந்து ஒரு இடம் வந்தது. எங்கள் சபை உபதேசியார் கொண்டுவந்த இடம். பையன் ஐரோலியில் ஒரு பெரிய கட்டடத்தில் ஏசி பார்க்கும் வேலையில் இருந்தான். அவனும் என் மகளும் உபதேசியார் வீட்டில் ஒருமுறை பார்த்துப் பேசியிருந்தார்கள். இருவருக்கும் பிடித்துவிட்டது. அந்த ஒரு வாரம் மகள் பாத்திரம் கழுவும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள். இதுவும் போய்விட்டால் அவள் அம்மாவின் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவிக்கும் அந்தப் பயம்தான்.

"நான் அன்னைக்கித் தங்கச்சி வீட்ல போய் இருந்துக்கிடுதேன்" என்றாள். அவள் தங்கச்சி இருப்பது ஆண்டாப் ஹில்லில். உபதேசியார் வேண்டாம் என்றார். "அம்மா இல்லாம பொண்ணு பாத்தா, ஓடிப்போயிட்டாளான்னு கேப்பாங்கம்மா."

அப்போது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஆட்கள் பெண் பார்க்க வந்தால் முதலில் ஜெபம் செய்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். ஜெபத்தின்போது பெண்கள் சேலை முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொள்வார்கள். "ஜெபத்துல போட்ட முக்காட்ட எடுக்காமலே இருந்துருதேன். யாரு கேக்கப் போறா?" என்றாள். இடது பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்து, முந்தானையைத் தாடையருகே விரலால் பிடித்துக்கொண்டால் பாதி முகம் தெரியாது. மகள் எதிரே உட்கார்ந்து பார்த்து, "இன்னுங் கொஞ்சம் இழுத்துக்கோம்மா" என்றாள். இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா, அக்கா. அக்காவுக்கு அது ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ, ஏணிப்படியில் ஏறுவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் ரூமில் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டோம். மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். உபதேசியார் ஜெபம் செய்தார். பெண்கள் முக்காடு போட்டார்கள். ஆமென் சொன்னதும் எல்லோரும் எடுத்தார்கள். என் மனைவி எடுக்கவில்லை.

கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினாள். பையனின் அம்மா வாய் ஓயாமல் பேசுகிறவர், நல்ல மாதிரி. அம்பர்நாத்தில் தண்ணீர் எப்படி வருகிறது, தன் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் காது எப்படி மந்தமானது என்றெல்லாம் சொன்னார். "நா கத்துனாத்தான் இவுகளுக்குக் கேக்கும். கல்லியில உள்ளவுக நாங்க சண்ட போடுதோம்னு நெனைக்காக" என்றார். பையனின் அப்பா, "என்ன சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. முடிந்துவிடும் போலிருந்தது.

டீ வருவதற்கு முன்னால் பையனின் அம்மா என் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உபதேசியாரிடம் மெதுவாக, மரியாதையோடு சொன்னார்: "மைனி நல்ல ஜெப வாழ்க்கை உள்ளவுக போல. அப்ப போட்ட முக்காட்ட எடுக்கவே இல்ல, பேச்சும் அளவாத்தான் இருக்கு. எங்க சபையிலயும் இப்படி ஒரு அம்மா உண்டு."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"மைனி, பிள்ளைய ரெண்டு பேருக்காகவும் நீங்களே வாய் தொறந்து ஒரு ஜெபம் பண்ணுங்க. உங்க வாயால வந்தாத்தான் எனக்குத் திருப்தி."

"நானே பண்ணிருதேன்மா" என்றார் உபதேசியார்.

"நீங்கதான் முதல்லயே பண்ணிட்டீயள! மைனி பண்ணட்டும். வெக்கப்படாதீய மைனி."

ஜெபம் செய்யச் சொன்னால் எங்கள் பெண்கள் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் வீட்டில் ஜெபமே கிடையாது என்று ஆகிவிடும். எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். என் மனைவி கை கூப்பினாள். கை கூப்ப வேண்டுமென்றால் முந்தானையை விட வேண்டும். விட்டாள்.

மெதுவாகத் தொடங்கினாள். உதடு சேர வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. எல்லோரும் பிதாவே என்று தொடங்குவார்கள், அவள் கர்த்தாவே என்று தொடங்கினாள். மகளை மகள் என்று சொல்லவில்லை, குழந்தை என்றாள். அப்படியும் சில இடங்களில் வார்த்தை காற்றாகப் போனது. தாண்ட முடியாதது ஆமென் ஒன்றுதான். அதை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள், அவளுடையது அதில் மறைந்துவிடும். சீக்கிரம் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டுமே என்று எனக்கு இருந்தது. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்துவிட்டேன்.

முந்தானை தோளில் விழுந்து கிடந்தது. வலது கண் இறுக்கமாக மூடியிருந்தது. இடது கண் திறந்திருந்தது, அதிலிருந்து தண்ணீர் தாடைவரை வழிந்து சொட்டியது. வாய் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து அசைந்தது. நாற்காலியில் பையனின் அக்கா. குழந்தை உதைத்ததோ, இடுப்பு வலித்ததோ, அவளும் கண்ணைத் திறந்திருந்தாள். என் மனைவியின் அந்தக் கண்ணை அவள் பார்த்தாள். அந்தக் கண்ணும் அவளையே பார்ப்பது போலிருந்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தார்கள். முந்தானையை இழுக்க என் மனைவிக்கு நேரமில்லை. அவளும் இழுக்க முயலவில்லை.

டீ குடித்தார்கள். பையனின் அம்மா அதன்பிறகு அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது என் மனைவியின் கையைப் பிடித்து, "நல்லா ஜெபம் பண்ணுனீய மைனி" என்றார். குரலில் பொய் இல்லை. வாசலில் என்னிடம், "ஜெபிச்சிட்டுச் சொல்லுதோம் அண்ணாச்சி" என்றார். எங்கள் ஆட்கள் வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். மகள் கப்புகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். பாடவில்லை.

ஆனால் பையன் விடவில்லை போலிருக்கிறது. சில நாள் கழித்து அவனுடைய அம்மா எனக்குப் போன் செய்தார். நான் பட்டறையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் சோறு இருந்ததால் மகள்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணாச்சி, எங்களுக்குப் பூரண சம்மதம். பொண்ணு தங்கமான பொண்ணு. மைனிய நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல, அவுகளுக்கு வந்தது யாருக்கும் வரலாம். ஆனா எம் மக புள்ளத்தாச்சியா இருக்கா. அன்னைக்கிப் பாத்ததுலருந்து ராத்திரி தூக்கமில்லன்னு அழுதா. புள்ளத்தாச்சி பாக்க மொகம் வயித்துல ஒட்டும்பாகல்லா? நீங்களும் கேள்விப்பட்டிருப்பீய. மேடைல அவதான் பொண்ணுக்கு நாத்தனாரா நிக்கணும். அதனால… மேடைல மட்டும் அவுக தங்கச்சி நிக்கட்டுமே. கோயில்ல எங்க வேணும்னாலும் மைனி இருக்கட்டும்."

மகள் போனைக் கையால் பொத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "எம்மா, அப்ப வேண்டாம்னு சொல்லிருவமா?" என்றாள். கேட்டவள் பதிலுக்காகத் தலையைத் தூக்கவில்லை.

என் மனைவி சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "போட்டீ. மேடைல நிக்கதுக்கா ஒன்னையப் பெத்தேன்? சரின்னு சொல்லச் சொல்லு உங்கப்பாவ."

சரி என்று சொன்னேன்.

தங்கச்சி வந்து அழுதாள். "நா எப்படிக்கா நிப்பேன்? பாக்குறவுக காறித் துப்ப மாட்டாவளா?"

"ஒன்னையத் தவிர வேற யாரு நிக்க முடியும்? என் பழைய மூஞ்சி ஒங்கிட்டதானட்டி இருக்கு" என்றாள் என் மனைவி. அது உண்மை. இருவரும் சின்ன வயதில் ஒரே சாயல் என்று சொல்வார்கள். காது சரியாக இருந்திருந்தால் இவளும் இன்று அப்படித்தான் இருந்திருப்பாள். தன் கல்யாணத்துக்கு எடுத்து, அதன்பிறகு ஒருமுறைகூடக் கட்டாத பட்டுச்சேலையை அவளுக்குக் கட்டிவிட்டு, மடிப்பை இவளே சரிசெய்தாள்.

கல்யாணம் எங்கள் சபைக் கோயிலில். மகள் கையைப் பிடித்து நடுவழியில் நடத்திக்கொண்டு போனேன். கடைசி வரிசையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். சுவரோரம் இடது பக்கத்தை வைத்து, என் மனைவி முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். மகள் திரும்பவில்லை. முகத்தில் வலை போட்டிருந்ததால் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை செம்பூரில் ஒரு ஹாலில் வரவேற்பு. மேடையில் ஒரு பக்கம் பையனின் குடும்பம், இந்தப் பக்கம் நானும் என் மனைவியின் தங்கச்சியும். போட்டோக்காரர், "அப்பா, இன்னும் அம்மா பக்கம் நெருங்கி நில்லுங்க" என்றார். யாரும் திருத்தவில்லை. நான் நெருங்கி நின்றேன். வரிசையில் வந்த பையன் வீட்டு ஆட்கள் சிலருக்கு விஷயம் தெரியாது. கைகுலுக்கிவிட்டு இறங்கிப்போன ஒருவர், நான் கேட்கமாட்டேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவரிடம், "இவனுக்கா வே இவ?" என்றார். இருவரும் சிரித்தார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டேன். அது சொல்லப்பட வேண்டியவள் ஹாலின் கடைசியில், சமையல்கட்டு வாசலருகே இருந்தாள்.

போட்டோ முடிந்ததும் அவளிடம் போய் உட்கார்ந்தேன். அவளுக்குத் தனியாக ஒரு தட்டில் பிரியாணி வந்திருந்தது. சுவரைப் பார்த்துச் சாப்பிட இடமில்லாததால் தொடாமல் வைத்திருந்தாள்.

"சோடி நல்லாத்தான் இருந்துது" என்றாள்.

"சும்மா கெட."

"நெசமாத்தான் சொல்லுதேன். நீங்களே பல்லு தெரியச் சிரிச்சீயள, நாந்தான் பாத்தனே." உதட்டின் வலது ஓரம் கொஞ்சம் அசைந்தது. உடனே கையால் மறைத்துக்கொண்டாள்.

நான் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் சாப்பிட்டாள்.

பையனின் அக்காவுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது. மகள் போனில் படம் அனுப்பினாள். என் மனைவி போனைக் கண்ணருகே கொண்டுபோய் அந்தக் குழந்தையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இடது கன்னத்தை, இடது கண்ணை, வாயின் ஓரத்தை. பார்த்து முடித்து, "ஸ்தோத்திரம்" என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள். அதைப் பார்க்கும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மழைக்காலம் தொடங்கியபோது கல்யாண ஆல்பம் வந்தது. மகளும் மருமகனும் கொண்டுவந்தார்கள். பாறை மாதிரி கனமான அட்டை. மகள் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மேடைப் படங்கள் எல்லாவற்றிலும் நானும் தங்கச்சியும். என் மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு மகள் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இதப் பாரும்மா!" என்றாள்.

கோயிலில் ஜெபத்தின்போது முன்னாலிருந்து எடுத்த படம். வரிசை வரிசையாகக் குனிந்த தலைகள். கடைசி வரிசையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஒரு பக்கம் முழுவதும் வைத்திருந்தார்கள். முக்காட்டோடு என் மனைவி. இரண்டு கண்ணும் மூடியிருந்தன. உதடு நேராக இருந்தது. கன்னம் இரண்டும் ஒரே அளவு.

"ஸ்டுடியோகாரன்ட்ட நாந்தாம்மா சொன்னேன். ஒன் கண்ணையும் வாயையும் சரி பண்ணித் தரச் சொன்னேன். நல்லாருக்குல்லா? மேடைல நீ இல்லன்னு எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? அதான் தனிப் பக்கமாப் போடச் சொன்னேன்." கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவள் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

நான் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஸ்டுடியோகாரர் வலது பாதியை எடுத்து, திருப்பி, இடது பக்கம் வைத்திருந்தார். மச்சம் உதட்டின் இரண்டு ஓரத்திலும் இருந்தது. நெற்றிக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஓடின. கோடு விழாத இடது பக்கம் போய்விட்டது. அந்தப் படத்தை நடுவில் மடித்தால் நூலிழை பிசகாது. நான் தைத்த எந்தக் காலரும் அவ்வளவு சரியாக வந்ததில்லை. ஆனால் அது அவள் இல்லை. அவளுடைய பழைய முகமும் இல்லை.

என் மனைவி வெகுநேரம் பார்த்தாள். மகளின் தலையைத் தடவி, "நல்லாருக்குட்டீ" என்றாள். மருமகன், "எங்கம்மாகூடப் பாத்துட்டு மைனி எம்புட்டு அழகுன்னாங்க மாமி" என்றார். அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அவர்கள் போனபிறகு ஆல்பத்தை மடியில் வைத்து அதே பக்கத்தைத் திரும்பத் திறந்தாள்.

"பெட்டியில வச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கும் பார்த்ததும் அப்படித்தான் தோன்றியது. செத்தவர்களுக்குத்தான் நாம் இரண்டு கண்ணையும் அப்படி ஒரே மாதிரி மூடிவிடுகிறோம். அந்தப் படத்தில் அவளிடம் அசைகிற இடம் எதுவும் இல்லை.

"நா போனப்பெறகு இதையே வச்சுருங்க. வெளியில பேனர் அடிச்சாலும் இதையே குடுங்க. புள்ள ஆசப்பட்டுப் பண்ணிருக்கா."

"சும்மா கெட" என்றேன். எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை.

ஆல்பத்தைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். படுக்கும்போது வழக்கம்போல மருந்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். மருந்து விட்டேன். டேப்பை வெட்டியபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கி ஒட்டாண்டாம்."

"காஞ்சி புண்ணாப்போயிரும்."

"போகட்டும். தொறந்தே கெடக்கட்டும்."

அவள் தூங்கிவிட்டாள். இமைக்கீற்றில் கருவிழி மெதுவாக அங்கேயும் இங்கேயும் அசைந்தது. ஏதோ கனவு. அவள் பார்க்காததால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பக்கத்தையும் ஒப்பிடாமல் அந்த ஒரு கண்ணை மட்டும்.

காலையில் அது ரத்தமாகச் சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். தண்ணீர் வரும் நேரம் என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் நடையில் கண்ணாடிக்கு முன்னால் சோப்பு போட்ட முகத்தோடு நின்றுகொண்டிருந்தேன். குழாயடியில் யாரோ, "எக்கா, நீங்க முதல்ல பிடிச்சுக்கோங்க" என்றது கேட்டது.